குடத்துக்குள் போனது ஓட்டா, சீட்டா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "மக்களாட்சிக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் இலக்கணம் வகுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது சரியில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். காரணம் எழுத இடமில்லை. விளைவு, இந்த மாதம் எங்கள் தெருத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், ஊரோடு சண்டையா?" என்று கேட்கும் அளவுக்குக் கடிதங்கள். பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்திலும் நோட்ஸிலும் கண்ட பிழைகளை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

பாபநாசத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்: "மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி என்று லிங்கன் சொன்னது உலகறிந்த செய்தி. நானும் எத்தனையோ ஆண்டு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவறு என்கிறீர்களே, ஆதாரம் உண்டா?"

சொன்னார் ஐயா. சொல்லவே இல்லை என்று நான் எழுதவில்லை. மக்களாட்சி என்றால் என்ன என்று விளக்குவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் வழக்கு.

1863 ஜூலை மாதத்தின் முதல் மூன்று நாள், கெட்டிஸ்பர்க்கில் பெரும் போர். அமெரிக்கர்கள் அமெரிக்கர்களையே கொன்று குவித்த உள்நாட்டுப் போர் அது. அங்கே மாண்ட வீரர்களுக்காக அமைத்த இடுகாட்டை அர்ப்பணிக்கும் விழா அதே ஆண்டு நவம்பர் 19 அன்று நடந்தது. அக்காலத்தில் பெயர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்த லிங்கன் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டார். ஏறத்தாழ 270 சொற்கள். அவற்றில் 'ஜனநாயகம்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளையை விட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அரைப் பக்கம்தான்.

அந்தப் பேச்சின் கடைசி வாக்கியம் சொல்வது இது: இவர்களுடைய சாவு வீண்போகக் கூடாது, மக்களுடைய, மக்களால் நடக்கிற, மக்களுக்கான அரசு இந்த மண்ணிலிருந்து அழிந்துபோகக் கூடாது. புதைகுழிகளுக்கு நடுவே நின்று ஒருவர் செய்த சபதம் ஐயா இது. அதன் முன்பாதியையும் பின்பாதியையும் நறுக்கிவிட்டு, நடுத்துண்டை 'வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையாக்கிவிட்டோம். அந்தச் சொற்றொடரும் முழுக்க அவருடையது இல்லை. தியோடர் பார்க்கர் என்ற பாதிரியார் 1850இலேயே கிட்டத்தட்ட அதே சொற்களில் பேசியிருக்கிறார்.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். இலக்கணம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சபதம் என்று சொன்னால், "எந்த மக்கள்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். லிங்கன் பேசிய அன்று அந்த நாட்டில் லட்சக்கணக்கானோர் அடிமைகள். அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தம் 1865இல்தான் வந்தது. பெண்களின் வாக்குரிமைக்கான திருத்தம் 1920இல். இதையெல்லாம் பேசுவதற்கான வாசலை அந்த இரண்டு மதிப்பெண் அடைத்துவிடுகிறது. என் வகுப்பில் ஒரு பையன் 'மக்களுக்காக' என்பதை முதலில் எழுதி 'மக்களால்' என்பதைப் பிறகு எழுதியதற்கு, விடைத்தாள் திருத்தியவர் அரை மதிப்பெண் குறைத்தார். திருக்குறளில் சீர் மாற்றி எழுதினால் குறைப்பதுபோல.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ப்ளஸ் ஒன் மாணவி: "ஐயா, 'ராஜராஜ சோழன் குடவோலை முறை என்னும் ரகசியத் தேர்தலை அறிமுகப்படுத்தி, உலகிற்கே முதல் மக்களாட்சியைத் தந்தான்' என்று எங்கள் நோட்ஸில் இருக்கிறது. நம் சோழ நாட்டுப் பெருமையாயிற்றே, இதிலுமா பிழை?"

அம்மா, ஒரு வரி இத்தனை பிழையைத் தாங்காது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். குடவோலை விதிகளை விரிவாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். ராஜராஜன் முடிசூடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தையவை. ஊரும் நம்முடையதில்லை. காஞ்சிபுரம் பக்கம், காவிரித் தண்ணீர் எட்டாத சீமை. பராந்தகனும் இந்த முறையைக் கண்டுபிடித்தவன் என்று சொல்ல முடியாது. அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து ஓலைகளை வெளியே எடுக்கும் அலுவலர்கள் வருகிறார்கள். போர்க்களத்தில் வீழ்ந்தவன் குடலைப் பருந்து இழுப்பதற்கு அதைப் போய் உவமையாக்கியிருக்கிறார் புலவர். தேர்தல் அலுவலர்கள் படித்தால் வருந்துவார்கள்.

பெரிய பிழை இவற்றில் இல்லை. 'தேர்தல்' என்ற சொல்லில் இருக்கிறது.

என் ஊர் வலங்கைமான் பக்கம். எனக்கு ஆறு வயது நடக்கும்போது தாத்தாவின் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். நிலத்தை மூன்று கூறாகப் போட்டு, மூன்று சீட்டு எழுதிச் சுருட்டி, பித்தளைச் செம்புக்குள் போட்டுக் குலுக்கினார்கள். திண்ணையில் நாட்டாண்மைக்காரர், கணக்குப்பிள்ளை, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்திருக்க, வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, கையைக் கழுவச் சொல்லி, "எடுடா தம்பி" என்றார்கள். எடுத்தேன். பெரியப்பா பெயரைச் சொல்லி ஒன்று, அப்பா பெயரைச் சொல்லி ஒன்று. அப்பாவுக்கு நான் எடுத்துக்கொடுத்தது வாய்க்காலின் வால் பகுதி. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்கள் வயலில் தண்ணீர் ஏறுவதற்குள் பெரியப்பாவின் வயலில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியிருக்கும். அப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அன்று என்னிடம் யாரும் என் விருப்பத்தைக் கேட்கவில்லை. விருப்பம் இல்லாத கை என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உத்திரமேரூரில் நடந்ததும் இதுதான். ஊரில் முப்பது குடும்புகள், இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடவேண்டும். சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் (அர்ச்சகர்களில்) மூத்தவர் எழுந்து நின்று எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்துத் தருவான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்கவேண்டும் என்றுகூட விதி இருக்கிறது: ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில். விரலிடுக்கில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! ஆயிரம் ஆண்டுக்கு முன்பு எவனோ ஒருவன் அந்தத் திருட்டைச் செய்து மாட்டியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். இல்லாவிட்டால் கல்லில் இதை வெட்டும் அவசியம் வராது.

இதில் வாக்குப் போட்டவர் எவருமில்லை, இது குலுக்கல். ரகசியம் என்பதற்கும் இடமில்லை, எல்லாம் பலர் பார்க்க நடந்தது.

குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதையும் அந்தக் கல்லே சொல்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்கவேண்டும். நம் பக்கத்துக் கணக்கில் கால் வேலி ஐந்து மா, ஒன்றேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. (சோழர் காலத்துக் கோல் வேறு, அந்தச் சண்டைக்கு இப்போது போகவேண்டாம்.) சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். வயது, முதல் கல்வெட்டில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள். வேதம் கற்றிருக்கவேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரையும்) தெரிந்தவராக இருந்தால் அரைக்கால் வேலி போதும். உத்திரமேரூர் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், அதன் சபைக்கான விதி இது. உழுதவன், தறி போட்டவன், எந்தச் சாதிப் பெண்ணும் அந்தக் குடத்தின் பக்கம் போகவில்லை. வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்ற அவை, வணிகர் இடத்தில் 'நகரம்' என்று தனித்தனி அமைப்புகள் இருந்தன. உத்திரமேரூரின் விதியைச் சோழ நாட்டுக் கிராமம் எல்லாவற்றுக்கும் பொதுவாக்க முடியாது.

பெருமைப்பட ஒன்றும் இல்லையா என்று முகம் சுளிக்காதே. வாரியத்தில் (குலுக்கலில் வந்தவர்கள் அமரும் ஊர்க் குழு அது) இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன் என்று உறவு வரிசையைக் கல்லில் வெட்டி எல்லாரையும் தள்ளிவைத்திருக்கிறார்கள். முந்தைய மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவனுக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு. உன் நோட்ஸில் இருக்கும் பொய்ப் பெருமையைவிட, கணக்குக் காட்டாதவனின் மைத்துனனையும் சேர்த்து ஓரங்கட்டிய இந்த மெய்ப் பெருமை எனக்குப் போதும்.

சீர்காழியிலிருந்து ஒரு மாணவர்: "அரசியல் அறிவியலின் தந்தை அரிஸ்டாட்டில். அப்படியானால் மக்களாட்சியின் தந்தையும் அவர்தானா?"

தம்பி, நம் கேள்வித்தாள்களில் எல்லாவற்றுக்கும் ஒரு தந்தை வேண்டியிருக்கிறது. தாய் மட்டும் எதற்கும் கிடையாது.

அரிஸ்டாட்டில் ஆட்சிகளை ஆறாகப் பிரித்தார். ஒருவர் ஆள்வது, சிலர் ஆள்வது, பலர் ஆள்வது. ஒவ்வொன்றிலும் பொதுநலத்துக்காக ஆண்டால் நல்ல வகை, தன்னலத்துக்காக ஆண்டால் கெட்டுப்போன வகை. பலர் ஆளும் ஆட்சியின் கெட்டுப்போன வகைக்கு அவர் வைத்த பெயர்தான் 'டெமாக்ரசி'. ஏழைகள் தங்கள் நலத்துக்காக மட்டும் ஆள்வது என்று அவர் பொருள் கொண்டார். கெட்ட மூன்றில் அதுதான் குறைந்த கேடு என்றும் சொல்லியிருக்கிறார், அந்த மட்டில் நன்றி. ஆகவே அவரை மக்களாட்சிக்குத் தந்தை என்றால், மகனை வீட்டைவிட்டு விரட்டிய தந்தை.

முந்தைய கடிதத்துக்கு இவரே இன்னொரு வகையில் பதில் சொல்கிறார் என்பதற்காகத்தான் உன் கடிதத்தை இங்கே வைத்தேன். பதவிகளைக் குலுக்கலில் கொடுப்பது மக்களாட்சியின் குணம், தேர்தலில் கொடுப்பது சிலராட்சியின் குணம் என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து. தேர்தல் என்று வந்தால் பணமும் பெயரும் உள்ளவன்தான் வெல்வான். குலுக்கல் என்றால் செருப்புத் தைப்பவனுக்கும் வாய்ப்பு உண்டு. ஏதென்ஸில் ஐந்நூறு பேர் கொண்ட அவைக்குக் குலுக்கலில்தான் ஆள் எடுத்தார்கள். ஆகவே உத்திரமேரூரைப் பார்த்து, "தேர்தல் நடந்தது, அதனால் மக்களாட்சி" என்று நாம் மார்தட்டுவதை ஏதென்ஸ்காரன் கேட்டால் குழம்பிப்போவான். "குலுக்கல் நடந்ததா? அப்படியானால் பரவாயில்லையே. கால் வேலி வேண்டுமா? அப்படியானால் இல்லையே" என்று அவன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருப்பான். அவன் ஊரிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்பதை நாம் அப்போது நினைவூட்டலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: "பிளேட்டோ 'குடியரசு' என்ற நூல் எழுதினார். அவர் குடியரசு ஆதரவாளர் என்று என் மகள் எழுதினாள். மதிப்பெண்ணும் கிடைத்தது. சரிதானா?"

மதிப்பெண் கிடைத்தது சரி, விடை சரியில்லை. அந்த நூலின் கிரேக்கப் பெயர் 'பொலிடேயா'. அரசமைப்பு, ஆட்சி முறை என்று பொருள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'ரிபப்ளிக்' ஆகி, நம்மிடம் 'குடியரசு' ஆயிற்று. உள்ளே பிளேட்டோ கேட்பது ஞானிகள் ஆளும் நாடு. ஆட்சிகள் படிப்படியாகக் கெடும் வரிசையில் மக்களாட்சியைக் கடைசிக்கு முந்தைய படியில் வைத்து, அடுத்தது கொடுங்கோல் என்கிறார். தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கட்சி கட்டினால் இப்படித்தான். குடியரசு வேறு, மக்களாட்சி வேறு என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். பிரிட்டனில் தேர்தல் உண்டு, முடியரசர் உண்டு; ஆகவே மக்களாட்சி உண்டு, குடியரசு இல்லை.

காரைக்காலிலிருந்து ஒருவர்: "பிரெஞ்சுப் புரட்சிக்குத் தலைமை தாங்கிய பிரெஞ்சு அறிஞர் ரூசோ என்று பேரன் படிக்கிறான். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். எங்களுக்குத் தெரியாத ரூசோவா? எனக்கென்னவோ இடிக்கிறது."

சரியாகத்தான் இடிக்கிறது. ரூசோ இறந்தது 1778. புரட்சி வெடித்தது 1789. பதினோரு ஆண்டு கல்லறையில் படுத்துக்கொண்டு எப்படித் தலைமை தாங்குவது? அவர் பிறந்ததும் பிரான்சில் இல்லை, ஜெனீவாவில். அது அப்போது தனிக் குடியரசு. 'ஜெனீவாவின் குடிமகன்' என்று தம் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வதில் அவருக்குப் பெருமை. அந்த ஜெனீவாவோ அவருடைய 'சமூக ஒப்பந்தம்' நூல் வெளியான 1762ஆம் ஆண்டிலேயே அதைக் கொளுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. புரட்சிக்காரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்பது உண்மை. கொண்டாடப்பட்டவர் வேறு, நடத்தியவர் வேறு. உங்கள் காரைக்காலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1739, போனது 1954 நவம்பர் 1. ரூசோ இருபதுகளில் இருந்தபோது வந்து, அவர் போய் 176 ஆண்டு கழித்துத்தான் கிளம்பினார்கள்.

இன்னொரு சங்கதி. நம் வகுப்புகளில் ஆங்கிலேய அறிஞர்கள் ஹாப்ஸ், லாக், அவர்களோடு ரூசோ, மூவரையும் ஒரே கட்டமாகப் போட்டு, அரசு மக்களின் ஒப்பந்தத்தில் பிறந்தது என்ற, 'சமூக ஒப்பந்தக் கோட்பாட்டாளர்கள்' என்று முடித்துவிடுகிறோம். மூவரையும் ஓர் அறையில் அடைத்திருந்தால் அடிதடி நடந்திருக்கும். ஹாப்ஸ் 1651இல் எழுதிய நூலில், மக்கள் ஒப்பந்தம் செய்துகொள்வது தங்களுக்குள்தான், அரசனோடு இல்லை. அரசன் கையெழுத்தே போடவில்லை, ஆகவே அவன் ஒப்பந்தத்தை மீறினான் என்று வழக்குப் போட வழியில்லை. இந்தச் சாமர்த்தியத்தை விட்டுவிட்டு, "மக்களும் மன்னனும் ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்றார் ஹாப்ஸ்" என்று எழுதும் நோட்ஸ்களை நான் எண்ணாமல் விட்டுவிட்டேன். லாக்கிடம் அரசு என்பது ஒப்படைத்த பொறுப்பு, மோசம் செய்தால் பிடுங்கிக்கொள்ளலாம். ரூசோவிடமோ ஆட்சியுரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. ஆங்கிலேயர் தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் மட்டும்தான் அப்படி, முடிந்ததும் மறுபடி அடிமைகள் என்றார். காரைக்கால் பேரனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். தேர்தல் முடிந்து மூன்றாம் நாள் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

மொழிபெயர்ப்பும் இங்கே காலை வாரும். சமூகம் தோன்றுவதற்கு முன்பு மனிதன் இருந்த நிலையை 'இயற்கை நிலை' என்கிறோம். ஒருமுறை, "ஹாப்ஸ் கூறும் இயற்கை நிலையை விவரி" என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவன், "மரங்களும் ஆறுகளும் பறவைகளும் நிறைந்த அழகான நிலை. இன்று பிளாஸ்டிக்கால் அது கெட்டுவிட்டது" என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். மனித வாழ்வு தனிமையும் வறுமையும் கொடுமையும் குறுகிய ஆயுளுமாக இருந்த நிலை என்று ஹாப்ஸ் பயந்து நடுங்கிய இடத்தில் என் மாணவன் குயிலைக் கூவவிட்டான். முட்டை போட மனம் வரவில்லை.

பேராவூரணியிலிருந்து இரண்டு கேள்விகள்: "வாக்குரிமை அடிப்படை உரிமையா? அடிப்படை உரிமைகள் ஆறா, ஏழா?"

வாக்குரிமை அரசமைப்பின் 326ஆம் பிரிவில் இருக்கிறது. அடிப்படை உரிமைகள் இருக்கும் மூன்றாம் பகுதியில் இல்லை. வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 61ஆவது திருத்தம். அடிப்படை உரிமைகள் முதலில் ஏழு. சொத்துரிமையை 1978இன் 44ஆவது திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் இப்போது ஆறு. ஏழு என்று உங்கள் புத்தகம் சொன்னால் அது உங்கள் அண்ணன் படித்த புத்தகமாக இருக்கும்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தந்தை: "'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்றவர் யார் என்ற வினாவுக்கு, வால்டேர் இல்லை என்று என் மகன் எழுதினான். சுழியம். ஆசிரியரிடம் கேட்டால் விடைக் குறிப்பில் வால்டேர் என்றுதான் இருக்கிறது என்கிறார். பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இனி அவன் எதை எழுதவேண்டும்?"

பையன் சொன்னது சரி. அந்த வாக்கியம் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணியுடையது. 1906இல், ஆண்பெயர்போல் ஒலிக்கும் ஒரு புனைபெயரில், வால்டேரின் நண்பர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வால்டேரின் மனப்போக்கைச் சுருக்கிச் சொல்ல அதை எழுதினார். வால்டேர் இறந்து 128 ஆண்டு ஆகியிருந்தது. ஒரு பெண் எழுதியதை ஓர் ஆணின் வாயில் வைத்து நூறு ஆண்டுக்கு மேலாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதை எழுதுவது என்கிறீர்கள். உண்மையைத்தான் எழுதவேண்டும், வேறென்ன! ஒரு மதிப்பெண் போனால் போகட்டும். "பலர் வால்டேர் கூற்றாகச் சொல்வர், எழுதியவர் ஹால்" என்று இரண்டையும் எழுதினால் மனச்சாட்சி உள்ள ஆசிரியர் மதிப்பெண் போடுவார். முதலில் பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

திருவையாற்றிலிருந்து, பெயர் போடாமல்: "ஊரார் பிழையெல்லாம் சொல்கிறீர். நீரும் வாத்தியார்தானே? நீர் பிழையே செய்ததில்லையா?"

செய்தேன். குடவோலையை 'ரகசிய வாக்கெடுப்பு' என்று பத்து ஆண்டுக்குக் குறையாமல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். செம்பில் கைவிட்டுச் சீட்டு எடுத்த கையாலேயே எழுதினேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1986 கோடை விடுமுறை. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தார் ப்ளஸ் டூ அரசியல் அறிவியலுக்கு நோட்ஸ் போட்டார்கள். புரூஃப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அக்கா மகள் கல்யாணம் அந்த மாதம், பணம் தேவைப்பட்டது. கையால் அச்சுக்கோத்த காலம். ஈர மை நாறும் நீளத் தாள்களைக் கொண்டுவந்து போடுவார்கள். அதிகாரப் பிரிவினை என்ற பாடம். சட்டமியற்றுவது, நிறைவேற்றுவது, நீதி வழங்குவது ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தால் சுதந்திரம் இல்லை என்று பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ எழுதிய நூல் 1748இல் ஜெனீவாவில் வெளிவந்தது. அச்சுக்கோத்தவர் கையில் 4உம் 8உம் இடம் மாறி 1784 ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

புத்தகம் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மான்டெஸ்கியூ 1755இல் செத்துப்போனவர். அதே பக்கத்தில் பத்து வரி மேலே அவருடைய பிறப்பு, இறப்பு ஆண்டுகள் சரியாகவே இருக்கின்றன. உரிமையாளரிடம் போய், பிழைதிருத்தம் ஒன்று அடித்து ஒட்டிவிடலாம் என்றேன். "சார், ஆண்டு மாறினதுக்கா? யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் கொடுமை. அடுத்த ஆண்டு வேறொரு நோட்ஸில் அதே 1784. பிறகு ஒரு மாதிரி வினாத்தாளில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நான்கில் ஒன்றாக. 1748 அந்த நான்கில் இல்லவே இல்லை.

அந்தப் பாடத்திலேயே இதைவிட முக்கியமான பிழை ஒன்று இருந்தது, அதை நான் பிழை என்றே அப்போது அறியவில்லை. இங்கிலாந்தில் மூன்று அதிகாரங்களும் தனித்தனியாக இருப்பதைக் கண்டு மான்டெஸ்கியூ எழுதினார் என்று போட்டிருந்தது. அவர் இங்கிலாந்தைப் பார்த்து எழுதினார், மெய். இங்கிலாந்து அப்படி இருந்ததில்லை. அமைச்சர்கள் அன்றும் நாடாளுமன்றத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள், இன்றும் அப்படித்தான். நம் நாட்டிலும் அதே கதை. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 50ஆவது பிரிவு சொல்கிறது. அமைச்சர்களையும் சட்டமன்றத்தையும் பிரிக்கச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை.

போன வாரம் பேத்தி அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். குண்டு குண்டான அழகிய கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு. மான்டெஸ்கியூ, 1784. நாற்பது ஆண்டுக்கு முன்பு நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்க்காமல் விட்ட அதே எண். இது தப்பு கண்ணு, தாத்தா போட்ட தப்பு என்றேன். அவள் சிரித்தாள், நம்பவில்லை. அவர் இறந்த ஆண்டை அவள் நோட்டிலிருந்தே எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி தாத்தா, தேர்வில் எதை எழுத?" என்றாள்.

மன்னார்குடித் தந்தைக்கு மேலே எழுதிய பதில் அதற்கு மறுநாள் எழுதியது. அன்று அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் மிஸ்ஸைக் கேள் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது, 1784ஐ அடிக்காமல், அதன் தலைமேல் சின்னதாக 1748 என்று எழுதியிருந்தாள். பென்சிலால்.